மந்திரி பதவியை விட்டார், கடிகாரங்களைச் சேர்த்தார்!

ஐதராபாத் சாலார் ஜங்கின் கதை

மதுரைச் சீமையில், மேலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர்.

அவர் பாண்டிய மன்னனிடம் மந்திரியாக இருந்தார். குதிரை வாங்க மன்னன் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறைக் கோவிலுக்குச் செலவிட்டார். பதவியையும் துறந்தார். மதுரைப் பக்கத்தில் இந்தக் கதையைத் தெரியாதவர் இல்லை.

மந்திரி பதவியை விட்ட இன்னொருவரின் கதை இது. இவர் துறவி ஆகவில்லை. கலைப்பொருள்களையும் கடிகாரங்களையும் தேடப் புறப்பட்டார். செலவிட்டது மன்னர் பணத்தை அல்ல, சொந்தப் பணத்தை!

அவர்தான் மூன்றாவது சாலார் ஜங். இயற்பெயர் மீர் யூசுப் அலிகான்.

தாத்தாவும் திவான், தந்தையும் திவான்

1889-ம் ஆண்டு ஜூன் 13-ந்தேதி புனாவில் யூசுப் அலிகான் பிறந்தார்.

பெரிய குடும்பம். தாத்தா முதலாவது சாலார் ஜங், 30 ஆண்டுகள் ஐதராபாத் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். திவான் என்றால் தலைமை மந்திரி. தந்தையும் திவானாக இருந்தவரே.

ஆனால் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தந்தை இறந்துவிட்டார்!

தந்தையின் முகம் தெரியாமலே பிள்ளை வளர்ந்தது. குடும்பத்தில் வேறு ஆண் வாரிசு இல்லை. பெரும் சொத்து முழுவதும் அந்தக் குழந்தைக்கே வந்தது.

23 வயதில் தலைமை மந்திரி

1912-ல் நிஜாம் உஸ்மான் அலிகான் அவரைத் திவானாக நியமித்தார். அப்போது அவருக்கு வயது 23.

மற்றவர்கள் ஏங்கும் பதவி. அதில் அவர் நீடித்தது சுமார் இரண்டு ஆண்டுகளே. 1914-ல் ராஜினாமா செய்தார். மீண்டும் அந்த நாற்காலிக்கு அவர் வரவில்லை.

கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. மீதி 35 ஆண்டுகளையும் தன் செல்வத்தையும் ஒரே வேலைக்குச் செலவிட்டார். அழகான பொருள் எங்கே இருந்தாலும் அதை வாங்கினார்.

சேகரிப்புக்கு விதை போட்டவர் தாத்தா. முக்காடு அணிந்த ரெபெக்கா என்ற சலவைக்கல் சிலையை 1876-ல் ரோமாபுரியில் வாங்கியவர் அவர். கல்லில் செதுக்கிய முக்காட்டுக்குள் முகம் தெரியும்! விதையை மரமாக்கியவர் பேரன்.

வியாபாரிகள் அவருடைய அரண்மனையைத் தேடி வந்தார்கள். சித்திரம், வாள், பீங்கான், தந்த வேலை, ஏட்டுச் சுவடி எல்லாம் குவிந்தன.

கடிகாரம் எத்தனை விதம்!

பிரான்சு, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஹாலந்து நாட்டுக் கடிகாரங்கள் அவரிடம் சேர்ந்தன. ஆள் உயரக் கடிகாரம் உண்டு. பறவைக் கூண்டு போன்ற கடிகாரம் உண்டு. உள்ளே சக்கரம் சுற்றுவது வெளியே தெரியும் கடிகாரம் உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டிய குட்டிக் கடிகாரமும் உண்டு!

எல்லாவற்றிலும் பெயர் பெற்றது ஓர் இசைக் கடிகாரம். கல்கத்தாவில் இருந்த குக் அண்டு கெல்வி கம்பெனியார் பூட்டியது. அதில் 350-க்கு மேற்பட்ட உறுப்புகள்.

உள்ளே ஒரு கொல்லன் பொம்மை. வினாடிதோறும் சுத்தியலால் அடித்துக்கொண்டே இருக்கும். மணி ஆனதும் கதவு திறக்கும். தாடிக்காரப் பொம்மை ஒன்று வெளியே வந்து, எத்தனை மணியோ அத்தனை தடவை மணி அடிக்கும். பிறகு உள்ளே போய்விடும்.

பகல் 12 மணிக்குத்தான் அதன் முன்னால் கூட்டம் அதிகம். பன்னிரண்டு அடியையும் பார்க்கலாம் அல்லவா?

வினாடியைப் பிடித்தவர்கள்

சாலார் ஜங் பதவியை விட்ட இரண்டு ஆண்டில், 1916-ல், சுவிட்சர்லாந்தில் ஒரு புதுமை நடந்தது. ஹோயர் கம்பெனி ஒரு புது ஸ்டாப் வாட்ச் செய்தது.

ஓட்டப் பந்தயத்தில் வாத்தியார் கையில் பிடிக்கும் கடிகாரமே ஸ்டாப் வாட்ச். சாவி கொடுத்தால் உள்ளே சுருள்வில் இறுகும். அது தளரத் தளர ஒரு சிறு சக்கரம் இங்கும் அங்கும் ஆடும். சாதாரண ஸ்டாப் வாட்சில் வினாடிக்கு 5 ஆட்டம். ஆகவே வினாடியில் ஐந்தில் ஒரு பங்கை அளக்கலாம். புதுக் கடிகாரமோ வினாடியில் நூறில் ஒரு பங்கை அளந்தது!

1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்கு ஒமேகா கம்பெனி 30 ஸ்டாப் வாட்சுகளை அனுப்பியது.

பிறகு பாட்டரிக் கடிகாரங்கள் வந்தன. சாவிக் கடிகாரங்கள் மூலைக்குப் போயின. இன்று பழைய சுவிஸ் ஸ்டாப் வாட்சுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஊர் ஒதுக்கியதை எடுத்துத் துடைத்து ஓடவைப்பது அவர்கள் ஆசை. அந்த ஆசைக்கு நம் நாட்டில் முன்னோடி என்று சாலார் ஜங்கைச் சொல்லலாம்.

வாரிசு யார்?

1949-ம் ஆண்டு மார்ச் 2-ந்தேதி அவர் காலமானார். வயது 59.

பிள்ளை இல்லை. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் என்ன ஆகும்? உறவினர்கள் பங்கு போட்டால் ஒவ்வொன்றும் ஒரு திசைக்குப் போய்விடும். ஒருவர் ஆயுள் முழுவதும் சேர்த்தது ஏலத்தில் கரைந்துவிடும்!

அப்போது ஐதராபாத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் வெல்லோடி. அத்தனையையும் பொருட்காட்சியாக வைக்க அவர் ஏற்பாடு செய்தார். கலை அறிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் பொருள்களை ஒழுங்குபடுத்தினார். 1951-ம் ஆண்டு டிசம்பர் 16-ந்தேதி, சாலார் ஜங் வாழ்ந்த திவான் தேவடி மாளிகையிலேயே, பிரதமர் நேரு அதைத் திறந்துவைத்தார்.

1958-ல் கோர்ட்டு மூலம் சமரசம் ஏற்பட்டது. உறவினர்கள் விட்டுக்கொடுத்தார்கள். பொருள்கள் இந்திய சர்க்காரிடம் வந்தன. 1961-ல் பார்லிமெண்டு தனிச் சட்டம் செய்தது. 1968-ல் மூசி ஆற்றங்கரையில் புதுக் கட்டிடத்துக்கு எல்லாம் மாறின.

அரண்மனைக்குள் ஒருவர் மட்டும் ரசித்த கடிகாரத்தை இன்று யாரும் பார்க்கலாம். படித்தவர், படிக்காதவர், குழந்தைகள் எல்லாரும் அதன் முன்னே காத்து நிற்கிறார்கள்.

திவான்களின் பட்டியலில் சாலார் ஜங்குக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டுதான். தாடிக்காரப் பொம்மையோ, அவர் போன பின்பும் மணி தவறாமல் வந்து அடித்துக்கொண்டிருக்கிறது.