சக்தியின் கணக்கைத் தேடிய பேராசிரியர் எலியேசர்

கண்டி மாநகரை வளைத்தோடும் மகாவலி கங்கையை அறியாதவர் எம்மில் எவருமிலர். கட்டுகஸ்தோட்டையைக் கடந்து வரும் அந்நதி பொல்கொல்லையில் மறிக்கப்படுகிறது. அதன் நீரில் ஒரு பகுதி ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்தைச் சென்றடைகிறது. 1976 இல் நிறைவேறிய திட்டம் அது. எஞ்சிய நீர் கீழிறங்கி, 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் பின்னே தேங்குகிறது. 122 மீற்றர் உயரமான அந்த அணையின் நீரைக் கொண்டு 210 மெகாவாற்று மின்சாரம் உற்பத்தி செய்ய இயலும். நீர் இழக்கும் உயரத்துக்கு ஈடாகவே மின்சாரம் கிடைக்கிறது. உராய்வினால் வெப்பமாக மாறுவதையும் சேர்த்துக் கூட்டினால் கணக்கில் எதுவும் குறையாது. சக்தியை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்னும் சக்திக் காப்பு விதி கூறுவதும் இதனையே.

உயரத்தில் நிற்கும் நீருக்கு உள்ளது போன்ற அழுத்தசக்தி மின்னேற்றங்களுக்கிடையிலும் உண்டு. கண்டியிலும் அக்குறணையிலும் கம்பளையிலும் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்கும் எமது பிள்ளைகள், கூலோமின் விதியோடு இதனையும் படிக்கின்றனர். நேரேற்றமுள்ள புரோத்தனை நோக்கி எதிரேற்றமுள்ள இலத்திரன் விழும்போது அதன் அழுத்தசக்தி குறைகிறது, இயக்கசக்தி கூடுகிறது. ஆனால், அணையிலிருந்து விழும் நீருக்கு அடித்தளம் ஒன்றுண்டு. இலத்திரனுக்கோ அவ்வாறான அடித்தளத்தைப் பழைய பௌதிகவியல் காட்டவில்லை. இடைத்தூரம் பாதியானால் பள்ளத்தின் ஆழம் இரட்டிக்கும். தூரம் பூச்சியத்தை நெருங்கினால் ஆழம் முடிவிலியாகும். இந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று கணக்குப் பார்த்தவர்களுள் எமது நாட்டவர் ஒருவரும் இருந்தார் என்பதை எமது மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

அவர் பேராசிரியர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். 1918 ஜூன் 12 ஆம் திகதி இலங்கையின் வடபகுதியில் பிறந்த அவர், கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதம் கற்று, பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் உயர்கல்வியைத் தொடர்ந்தார். உலகம் இரண்டாம் பெரும் போரில் எரிந்துகொண்டிருந்த காலம் அது. 1933 இல் நோபல் பரிசு பெற்ற போல் டிராக் அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தார்.

அக்காலத்தில் பௌதிகவியலாளரை வருத்திய வினா ஒன்றிருந்தது. ஆர்முடுகும் மின்னேற்றம் கதிர்ப்பை வெளியிடும். அதனால் சக்தியை இழக்கும். அவ்வாறாயின் அணுவினுள் சுற்றும் இலத்திரன் கணப்பொழுதில் கருவினுள் விழுந்துவிட வேண்டும். ஆயினும் ஐதரசன் அணு அழியாது நிலைத்திருக்கிறது. அதன் இலத்திரனைப் பிரித்தெடுக்க 13.6 இலத்திரன் வோற்றுச் சக்தி தேவைப்படுகிறது. 1913 இல் நீல்ஸ் போர் தொடக்கிவைத்த குவாண்டம் வழி இதற்கு விடை தந்தது. எனினும், கதிர்ப்பை வெளியிடும் இலத்திரன் மீது அக்கதிர்ப்பே செலுத்தும் எதிர்த்தாக்கத்தை எவ்வாறு எழுதுவது என்ற சிக்கல் தீரவில்லை. 1938 இல் டிராக் அதற்கென ஒரு சமன்பாட்டை வகுத்தளித்தார்.

அந்தச் சமன்பாட்டை மிக எளிய சோதனைக்கு உட்படுத்தியவர் எலியேசர். ஒரு புரோத்தனை நோக்கி ஓர் இலத்திரன் நேர்கோட்டில் விழுந்தால் என்ன நிகழும்? ஈர்க்கப்படும் பொருள் ஈர்ப்பதைச் சென்றடையும் என்றே எவரும் எண்ணுவர். 1943 இல் வெளியான அவரது ஆய்வுக்கட்டுரை காட்டியதோ முற்றிலும் வேறு. டிராக்கின் சமன்பாட்டின்படி இலத்திரன் புரோத்தனை ஒருபோதும் அடைவதில்லை. இடைவழியில் வேகம் தணிந்து, நின்று, திரும்பி, ஈர்ப்புக்கு எதிரான திசையில் ஓடுகிறது. ஓட ஓட அதன் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குகிறது.

விழவேண்டிய நீர் அணையின் மேல் ஏறிப் பாய்வதற்கு ஒப்பானது இது. அந்த வேகத்துக்கான சக்தி எங்கிருந்து வந்தது? சமன்பாட்டின் கணக்கேட்டில் ஆர்முடுகலைச் சார்ந்த ஓர் உருப்படி உண்டு. அது எல்லையின்றிக் கடன்பட்டுக்கொண்டே போவதால் ஏடு ஒப்பேறிவிடுகிறது. ஏட்டில் கூட்டுத்தொகை சரியாக இருக்கலாம்; ஆனால், எவரும் திருப்பிச் செலுத்தாத கடனை வரவாகக் கொள்ளும் கணக்கை எந்த வணிகர் ஏற்பார்? இயற்கையும் அதனை ஏற்பதாகத் தெரியவில்லை.

தம் ஆசானின் சமன்பாடு இடறும் இடத்தை ஓர் இளம் மாணவர் வெளிப்படையாகக் காட்டினார் என்பதே எமக்கு இங்கு முதன்மையானது. குறையைக் காட்டியதோடு அவர் நின்றுவிடவுமில்லை. 1948 இல் வெளியிட்ட கட்டுரையில், இத்தகைய தறிகெட்ட ஓட்டத்துக்கு இடமளிக்காத மாற்றுச் சமன்பாடொன்றை முன்வைத்தார். ஃபோர்ட், ஓ'கொனெல் என்னும் இருவர் 1991 இல் வேறு வழியாக அதே வடிவத்தை எய்தினர். 2018 இல் பிரித்தானியாவில் வலிமைமிக்க லேசர் ஒளியோடு இலத்திரன் கற்றையை மோதவிட்ட ஆய்வுகள், கதிர்ப்பின் எதிர்த்தாக்கத்துக்கான சான்றுகளைத் தந்தன. கேம்பிரிட்ஜில் காகிதத்தில் நடந்த விவாதம் இன்று ஆய்வுகூடத்தை எட்டியிருக்கிறது.

1949 இல் எலியேசர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். 1952 இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது விஞ்ஞான பீடம் கொழும்பிலேயே தங்கிவிட்டது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1958 இல் இனக்கலவரம் மூண்டது. 1959 இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பேராதனையில் விஞ்ஞான பீடம் தொடங்கப்பட்ட 1961 ஆம் ஆண்டில், ஹந்தானை மலையடிவாரத்துக்கு வந்த முதல் விஞ்ஞான மாணவருக்குக் கற்பிக்க அவர் இந்நாட்டில் இல்லை. 1968 முதல் 1983 வரை அவுஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகமே அவரது பணியிடமாயிற்று. நாடு இழந்த அறிவு அயல்நாட்டு வகுப்பறைகளில் ஒளி வீசியது.

அங்கே 1976 இல் ஏ. கிரே என்பவரோடு இணைந்து அவர் வெளியிட்ட கட்டுரை, மீண்டும் அதே பழைய வினாவை வேறு கோணத்தில் தொட்டது. ஊசலாடும் குண்டின் நூலை ஆட்டத்தின் நடுவே எவரேனும் சுருக்கினால் அதன் சக்தி மாறிவிடும். வெளியிலிருந்து வேலை செய்யப்படுவதே காரணம். இவ்வாறு புறநிலை மாறிக்கொண்டே இருக்கும் அலைவிலும் மாறாத கணியம் ஒன்றுண்டு என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. அது, துணையாகக் கற்பனை செய்யப்படும் ஒரு தள இயக்கத்தின் கோண உந்தமே என அவ்விருவரும் எளிதாக விளக்கிக் காட்டினர். சக்தி காக்கப்படாத இடத்திலும் காக்கப்படுவது எது எனத் தேடிய மனத்தின் வெளிப்பாடு அது.

2001 மார்ச் 10 ஆம் திகதி மெல்பேர்னில் எலியேசர் காலமானார். அவர் பெயர் இன்று வெளிநாட்டு ஆய்விதழ்களில் ஒரு சமன்பாட்டின் பெயராக வாழ்கிறது. எமது பாடசாலைகளிலோ அரிதாகவே ஒலிக்கிறது. கூலோமின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர்கள், அதனருகே எலியேசரின் பெயரையும் ஒருமுறை எழுதிக்காட்டலாம். தமிழ் மொழியில் விஞ்ஞானம் பயிலும் தமிழ், முஸ்லிம் மாணவருக்கு, இந்தத் துறை தமக்கு அந்நியமானதன்று என்ற துணிவை அது தரும். புத்தகத்தில் உள்ள விடை சரியா எனத் தாமே கூட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் அது தருமாயின், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் தகுந்த மரியாதையாகும்.