பருத்தி நகரத்துப் பந்தாட்டக்காரர் அமர்சிங்

தொழில் எதுவாயினும் அதனைப் பழுதறக் கற்றவன் சென்ற இடமெல்லாம் மதிப்புப் பெறுவான் என்பர் பெரியோர். ஆயினும், விளையாட்டையே தொழிலாகக் கொண்டு அதன் ஊதியத்தால் வாழ்பவனைச் சற்றுத் தாழ்வாக நோக்கும் வழக்கம் உலகில் நெடுங்காலம் இருந்துவந்தது. அவ்வழக்கம் வலுப்பெற்றிருந்த நாளில், இந்தியருள் முதல்வராக இங்கிலாந்தின் லங்காஷயர் லீகிற் சேர்ந்து, கூலி பெற்றுக் கிரிக்கெட் ஆடிப் புகழ்கொண்டவர் லாதா அமர்சிங். அவருடைய வரலாறு மாணவ நண்பர்கள் அறியத்தக்கதொன்றாம்.

அமர்சிங் 1910-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் நாள் கத்தியவாரைச் சேர்ந்த இராஜகோட்டிற் பிறந்தார். இவர் தமையனார் இராம்ஜியும் வேகப் பந்துவீச்சிற் பெயர் பெற்றவரே. நவாநகர் மன்னரான இரஞ்சித்சிங்ஜி இளமையிற் கல்வி கற்றதும் அதே இராஜகோட்டில்தான். இரஞ்சி அரச குலத்தவர். பொருளை நாடாது பொழுதுபோக்காக ஆடும் கனவான்களுள் ஒருவராக இங்கிலாந்திற் புகழ் பெற்றார். அமர்சிங்குக்கோ பட்டமும் இல்லை, செல்வமும் இல்லை. ஓங்கிய உடலும், வலிய தோளும், பந்தை இருபுறமும் வளைத்து வீசும் வித்தையுமே அவருக்கு வாய்த்த செல்வங்கள். அவர் வீசிய பந்து தரையைத் தொட்டபின் விரைவு மிகுந்து எழும்பும். எதிர் நிற்போர் மட்டையை உயர்த்துமுன் அது அவர்களைக் கடந்துவிடும்.

1932-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்டுப் பந்தயத்தை ஆடியது. முகம்மது நிசாரும் அமர்சிங்கும் பந்துவீச்சைத் தொடங்க, இங்கிலாந்து அணி 19 ஓட்டங்களுக்குள் மூன்று பேரை இழந்து தடுமாறியது. முடிவில் இந்தியா தோற்றதேனும், இரண்டாம் இன்னிங்ஸில் ஒன்பதாமவராக இறங்கிய அமர்சிங், மலேயாவிற் பிறந்த லால்சிங்குடன் கூடி நின்று, 51 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்டுப் பந்தயங்களில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் அரைச்சதம் அதுவே.

நம் மாகாணத்தாரும் அவர் ஆற்றலை நேரிற் காணும் பேறு பெற்றனர். 1934-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னைச் சேப்பாக்கத்தில் முதன்முறையாக டெஸ்டுப் பந்தயம் நடந்தது. ஜார்டைன் தலைமையில் வந்த இங்கிலாந்து அணி 335 ஓட்டங்கள் எடுத்தது. அவ்வணியின் ஏழு விக்கெட்டுகளை 86 ஓட்டங்களுக்கு அமர்சிங் ஒருவரே வீழ்த்தினார். பந்தயம் 202 ஓட்டங்களில் இந்தியாவுக்குத் தோல்வியாயிற்று. எனினும் அவர் உழைப்பைக் கண்டவர் மறந்திரார்.

இனி அவர் கடல் கடந்து பிழைத்த கதையைக் காண்போம். இங்கிலாந்தின் வடபாகத்தில் உள்ளது லங்காஷயர். அந்நாளில் அது பருத்தி ஆலைகள் நிறைந்த நாடு. கோவையின் ஆலைச் சங்கொலியையும் அவிநாசி வட்டாரத்துத் தறியோசையையும் கேட்டு வளர்ந்த நமக்கு அவ்வூர்களின் வாழ்வை எடுத்துரைக்க வேண்டியதில்லை. வாரம் முழுதும் நூலோடும் தறியோடும் உழன்ற தொழிலாளர், சனிக்கிழமை பிற்பகலில் தத்தம் ஊரின் மைதானத்திற் கூடுவர். 1892-ஆம் ஆண்டு தோன்றிய லங்காஷயர் லீகில், உள்ளூர் இளைஞரோடு ஊதியம் பெறும் ஆட்டக்காரர் ஒருவரை ஒவ்வொரு சங்கமும் அமர்த்திக்கொள்ளும். அவர் சிறப்பாக ஆடினால், கூட்டத்தார் தம் கூலியிலிருந்து காசு திரட்டி அவருக்கு அளிப்பர். சோர்ந்தாலோ, கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்பர். குலமும் பட்டமும் அங்கே செல்லா. திறமை ஒன்றே செல்லும். நெல்ஸன் என்னும் ஊருக்கு மேற்கிந்தியத் தீவின் கான்ஸ்டன்டைன் ஆடிவந்தார். அதனை அடுத்த கோல்ன் நகரம் 1930-களின் இடைப்பகுதியில் அமர்சிங்கை அமர்த்திக்கொண்டது.

1936-ஆம் ஆண்டு இந்திய அணி மீண்டும் இங்கிலாந்து சென்றது. தலைவராகச் சென்றவர் விஜயநகரம் மகாராஜகுமார். ஆட்டத்திறனால் அன்றிச் செல்வாக்கினால் அப்பதவி அடைந்தவர் என்பது பலரும் ஒப்பிய செய்தி. அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளரோ கோல்ன் நகரத்தாரின் ஒப்பந்தத்திற்குக் கட்டுப்பட்டிருந்தார். ஆலைத் தொழிலாளரின் சங்கத்தினிடம் இரவல் கேட்டே இந்தியா தன் வீரரைப் பெறவேண்டியதாயிற்று. அவ்வாறு வந்த அமர்சிங், லார்ட்ஸில் 35 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளைச் சாய்த்து, இங்கிலாந்தை 134 ஓட்டங்களில் அடக்கினார். முதல் இன்னிங்ஸில் இந்தியா 13 ஓட்டங்கள் முன்னின்றது. பின்னர் நம்மவர் 93 ஓட்டங்களிற் சுருண்டு தோற்றது அவர் குற்றமன்று.

தாயகத்திலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1936-37-ஆம் ஆண்டில் நவாநகர் அணி இரஞ்சிக் கோப்பையை வென்றபோது, வினூ மன்காடுடன் அவரும் அவ்வணியில் இருந்தார். ஏழு டெஸ்டுப் பந்தயங்களில் 28 விக்கெட்டுகளும், முதல்தரப் பந்தயங்களில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளும் அவர் ஈட்டியவை. இன்னும் பல ஆண்டுகள் ஆடுவார் என்று யாவரும் எண்ணியிருக்க, நோய்வாய்ப்பட்டு 1940-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் ஜாம்நகரில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பதே.

அவர் ஆடிய ஏழு டெஸ்டுகளில் ஒன்றிலேனும் இந்தியா வென்றதில்லை. ஆதலின் வெற்றியை அளவுகோலாகக் கொள்வோர்க்கு அவர் வாழ்வு குறைவுடையதாய்த் தோன்றலாம். ஆனால் மன்னர்கள் செலவிட்டு நடத்திய ஆட்டத்தில், உழைத்துக் கூலி பெறுவது இழிவன்று என்று தன் தோள்வலியால் காட்டியவர் அவர். அவரைத் தொடர்ந்து இந்தியர் பலர் அந்த ஆலை நகரங்களுக்குச் சென்று ஆடினர். மொழியும் நிறமும் வேறாகிய ஓர் ஊரார், தம் வியர்வையில் விளைந்த காசை அவருக்கு மனமுவந்து அளித்தனர். தொழிலாளி ஒருவன் பெறக்கூடிய பரிசுகளுள், மற்றொரு தொழிலாளி மதித்து அளிக்கும் அப்பரிசினும் உயர்ந்தது வேறு யாது?