அடைக்கலான் குருவி காட்டிய வழி

பறவை அறிஞர் சலீம் அலியின் வாழ்க்கை வரலாறு

பங்குனி பிறந்துவிட்டால் உயிலங்குளத்தின் முகமே மாறிவிடும். பெரும்போக அருவிவெட்டு முடிந்து வயல்வெளி எங்கும் தாளடி மட்டும் நிற்கும். வேம்பு பூத்து வளவெல்லாம் மணக்கும். கட்டுக்கரைக்குளத்தின் நீர் மெல்ல வற்றத் தொடங்க, அலைகரைச் சேற்றில் கொக்கும் நாரையும் கூடும். சித்திரை விடுமுறை நெருங்க நெருங்கப் பிள்ளைகளுக்கு வீட்டில் கால் தரிக்காது. குளக்கட்டுக்குப் போவோம், வங்காலைப் பக்கம் பூநாரை பார்க்கப் போவோம் என்று தாய் தகப்பனை நச்சரிப்பார்கள். அப்படிப் புறப்படும் பிள்ளைகளில் ஒருவனுடைய கழுத்திலாவது கெற்றப்போல் தொங்கும்.

அதைக் கண்டதும் நம்மில் சிலர் ஏசிப் பறித்து வைக்கிறோம். வேறு சிலர் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுகிறோம். இந்த இரண்டையும் விட நல்ல மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. குருவி சுட்டுத் திரிந்த ஒரு சிறுவனுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த வழி திறந்து விடப்பட்டது. அதனால் இந்தியாவும் இலங்கையும் தங்கள் பறவைகளை அறிந்துகொண்டன. அச்சிறுவனே பிற்காலத்தில் உலகம் போற்றிய பறவை அறிஞர் சலீம் அலி.

தாய் தகப்பனற்ற கடைக்குட்டி

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி பம்பாயில் ஓர் இஸ்லாமியக் குடும்பத்தில் ஒன்பதாவது பிள்ளையாக, கடைக்குட்டியாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். பிள்ளைச் செல்வம் இல்லாத தாய்மாமன் அமிருதீன் தய்யாப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும் அனாதையாக நின்ற பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தார்கள்.

அந்தப் பெரிய வீட்டில் சமையலுக்கென்று கௌதாரியும் காடையும் சந்தையிலிருந்து உயிரோடு வாங்கி வரப்படும். அவற்றுள் சிலவற்றைச் சிறுவன் சலீம் கெஞ்சி வாங்கி, பழைய பெட்டிகளில் கூடு கட்டி வளர்த்தான். விடுமுறை வந்தால் முழுக் குடும்பமும் செம்பூருக்குப் போகும். இன்று பம்பாய் நகரம் விழுங்கிவிட்ட அந்த இடம் அக்காலத்தில் மரஞ்செடி நிறைந்த கிராமம். தோட்டத்தில் அலைவதும் பறவைகளைத் தேடுவதுமே பிள்ளைகளின் பொழுதுபோக்கு. பத்து வயதளவில் அவன் கையில் விளையாட்டுக் காற்றுத்துவக்கு ஒன்றும் வந்து சேர்ந்தது.

எட்டுச் சேவல்கள்

குதிரை லாயத்தின் சுவர்ப் பொந்தில் அடைக்கலான் குருவிப் பேடு ஒன்று அடை கிடந்தது. அருகே ஆணி ஒன்றில் சேவல் காவல் இருந்தது. வண்டி மறைவில் ஒளிந்திருந்து சலீம் அச்சேவலைச் சுட்டு வீழ்த்தினான். சற்று நேரத்தில் வேறொரு சேவல் வந்து அதே ஆணியில் காவலுக்கு அமர்ந்தது. அதையும் சுட்டான். மூன்றாவது வந்தது. இப்படி ஏழு நாட்களில் எட்டுச் சேவல்களை அவன் வீழ்த்தினான்.

மனிதன் வீட்டில் அடைக்கலம் தேடி வாழ்வதாலேயே அதற்கு அடைக்கலான் குருவி என்று பெயர் வைத்தார்கள் நம் முன்னோர். அதைச் சுடுவது பெருமைக்குரிய செயலன்று. ஆனால் அச்சிறுவன் சுட்டதோடு நின்றுவிடவில்லை. ஒவ்வொரு முறையும் பேடு எப்படிப் புதுத் துணையைத் தேடிக்கொண்டது என்பதைக் கவனித்து எழுதி வைத்தான். ஒரு பறவை அறிஞனின் முதல் குறிப்பு அது.

வேறொரு நாள் அவன் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. வழக்கமான குருவியில் அப்படி இல்லையே என்று மனம் குழம்பி மாமனிடம் கொண்டு போனான். மாமன் ஏசவுமில்லை, எறிந்துவிடு என்று சொல்லித் தட்டிக் கழிக்கவுமில்லை. தமக்குத் தெரியவில்லை என்பதை ஒத்துக்கொண்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்ட் என்ற ஆங்கிலேயரிடம் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்.

செத்த குருவியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, வெள்ளைக்காரத் துரை என்ன சொல்வாரோ என்ற நடுக்கத்தோடு சிறுவன் போய் நின்றான். மில்லார்ட் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். அதோடு விடாமல், பாடம் செய்து வைத்த நூற்றுக்கணக்கான பறவைகள் இருந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். பறவைகளுள் இத்தனை வகையா என்று அன்று விரிந்த கண் பிறகு மூடவே இல்லை.

ஒரு குருவானவரின் கண்

பள்ளிப் படிப்பில் சலீம் கெட்டிக்காரர் அல்லர். கணக்கு அவருக்கு வேப்பங்காய். கல்லூரியில் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டு, குடும்பத்தின் சுரங்க, மர வியாபாரத்தைக் கவனிக்கப் பர்மாவுக்குப் போனார். அங்கும் வியாபாரத்தை விடக் காட்டுப் பறவைகளே அவர் மனத்தை இழுத்தன. 1917இல் பம்பாய்க்குத் திரும்பி, வயிற்றுப்பாட்டுக்காக வணிகச் சட்டமும் கணக்கியலும் படிக்கத் தொடங்கினார்.

அப்போது தூய சவேரியார் கல்லூரியில் இயேசு சபைக் குரு ஒருவர் இருந்தார். சுவிற்சர்லாந்து நாட்டவரான அருட்தந்தை எதல்பெர்ட் பிளாட்டர் அவர். தாவரவியலில் பேரறிஞர். முன்பு சிட்டை அடையாளம் காட்டிய மில்லார்டுடன் சேர்ந்து இந்திய மரங்களைப் பற்றி நூல் எழுதியவரும் இவரே. இந்த இளைஞனின் உள்ளம் எங்கே கிடக்கிறது என்பதைக் கண்டுகொண்ட பிளாட்டர் அடிகளார், விலங்கியலையும் படிக்குமாறு தூண்டினார். காலையில் கணக்கு வகுப்பு முடிந்ததும் சலீம் சவேரியார் கல்லூரிக்கு விலங்கியல் படிக்க ஓடினார். மதம் வேறு, நாடு வேறு, வயது வேறு. ஆயினும் பிள்ளையின் நாட்டத்தை அறிந்து வழிவிட்ட அக்குருவின் செயல் நம் பள்ளிக்கூடங்களும் மறக்கக் கூடாதது.

1918இல் சலீம் தெஹ்மினாவை மணந்தார். 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளராக வேலை கிடைத்தது. மேற்பயிற்சிக்காக ஜெர்மனி சென்று, பெர்லினில் பேராசிரியர் ஸ்டிரெசமானிடம் பறவையியல் பயின்றார். ஆனால் 1930இல் ஊர் திரும்பியபோது, பணமில்லை என்று அவருடைய பதவியே நீக்கப்பட்டிருந்தது.

வேலையிழந்தவனின் கொல்லைப்புறம்

முப்பத்துமூன்று வயதில் வேலையில்லை, வருமானமில்லை. நம்மில் எத்தனை குடும்பங்கள் அந்த நிலையை அறியும்! தம்பதியர் செலவைக் குறைக்க, பம்பாய்த் துறைமுகத்துக்கு அப்பால் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மழை தொடங்கியதும் வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாக வந்து கூடு கட்டத் தொடங்கின. வேறு வேலையற்ற சலீம் நாள்தோறும் அவற்றின் எதிரே அமர்ந்தார். எல்லாரும் பார்க்கும் கூடு, எவரும் பொறுமையாக இருந்து கவனிக்காத கூடு. அவர் கண்ட செய்தி உலகப் பறவையியலாருக்கே புதிதாக இருந்தது.

கூட்டைப் பின்னுவது சேவல் மட்டுமே. பாதி பின்னியதும் அது சிறகடித்துப் பேடுகளை அழைக்கும். பேடுகள் வந்து, வீடு வாங்க வந்தவர்கள்போல் ஒவ்வொரு கூடாக நுழைந்து பார்க்கும். பிடிக்காவிட்டால் பறந்துவிடும். பிடித்த கூட்டில் பேடு குடியேறியதும் சேவல் நீண்ட வாசற்குழாயைப் பின்னி வேலையை முடிக்கும். பேடு முட்டையிட்டு அடை கிடக்கத் தொடங்கியதும், சேவல் பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த துணையை அழைக்கும். இந்த ஆய்வை 1931இல் சங்கத்தின் சஞ்சிகையில் அவர் வெளியிட்டார். அவருடைய பெயர் பெரிதாக அறியப்பட்டது அப்போதுதான். உத்தியோகமும் உபகரணமும் பெற்றுத் தராத புகழை வீட்டுக் கோடியும் பொறுமையும் பெற்றுத் தந்தன.

பிரிவும் உழைப்பும்

அதன்பின் ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணி அவரைத் தேடி வந்தது. சம்பளம் கேளாமல், செலவுக்குக் கொடுத்தால் போதுமென்று அவர் புறப்பட்டார். இங்கிலாந்தில் வளர்ந்த தெஹ்மினா, கூடாரத்திலும் மாட்டுவண்டியிலும் முகம் சுளிக்காமல் கூடவே வந்தார்.

1939இல் ஒரு சிறு சத்திரசிகிச்சைக்குப் பின் தெஹ்மினா காலமானார். பிள்ளைகள் இல்லாத சலீம் உடைந்து போனார். அக்கா கமுவும் அவருடைய கணவரும் அவரைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார்கள். சிறு வயதில் மாமன் வீடு அடைக்கலம் தந்ததுபோல், நடுவயதில் அக்கா வீடு தந்தது. அவர் மறுமணம் செய்யவில்லை.

துயரத்திலிருந்து மீண்டு அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் 1941இல் வெளிவந்தது. வண்ணப் படங்களோடு சாதாரண மக்களுக்கும் விளங்கும்படி எழுதப்பட்ட அந்நூலைக் கையில் ஏந்தித்தான் எத்தனையோ குடும்பங்கள் பறவை பார்க்கப் புறப்பட்டன. பின்னர் அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளேயுடன் சேர்ந்து 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளில் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். இலங்கைப் பறவைகளும் அதில் அடங்கும். நம் வேலியோரத்துப் புலுனிக்கும் செம்பகத்துக்கும் அந்நூலில் இடமுண்டு.

அவர் துவக்கையே தொடாத துறவி என்று எண்ணிவிட வேண்டாம். அக்கால ஆய்வுக்காக அருங்காட்சியகங்களுக்கெனப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தவர்தான். ஆனால் காரணமின்றி உயிர் பறிப்பதையும், பறவைகள் வாழும் இடத்தை அழிப்பதையும் அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. வயலாக்கப்படவிருந்த பரத்பூர்ச் சதுப்பு நிலத்தைக் காக்கப் போராடினார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டுக்காகக் குரல் கொடுத்தார்.

கோடியக்கரையும் மன்னார்க் கரையும்

நமக்கு மிக அண்மையில் அவர் கால் பதித்த இடம், பாக்கு நீரிணைக்கு அக்கரையில் உள்ள கோடியக்கரை. அங்கு வந்து குவியும் நீர்ப்பறவைகளைக் கண்டு அவ்விடத்தின் பெருமையை எடுத்துரைத்தவர்களில் அவர் முதன்மையானவர். 1967இல் அது சரணாலயமாயிற்று. அவருடைய சங்கத்தினர் அங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் சிறு வளையமிட்டுப் பறக்கவிட்டு, அவை எங்கிருந்து எங்கே போகின்றன என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

வட நாடுகளின் குளிருக்கு அஞ்சித் தெற்கே வரும் பறவைகளில் பல, இந்தியக் கரையோரமாக இறங்கி மன்னார் வழியாகவே இலங்கைக்குள் நுழைகின்றன. உயிலங்குளத்தில் சோதனைச்சாவடி இருந்து நாம் வரிசையில் காத்து நின்ற போர்க்காலத்திலும், அவை எந்த அனுமதிச் சீட்டும் இல்லாமல் நம் தலைக்கு மேலே வந்து போயின. வங்காலைச் சரணாலயம் 2008இல் பிரகடனம் செய்யப்பட்டு, 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. பங்குனி, சித்திரையில் அந்த விருந்தாளிகள் வடக்கே திரும்பத் தொடங்குவார்கள். சலீம் அலி சிறு வயதில் வளர்த்த கௌதாரியோ இங்கேயே நிலைத்து வாழ்வது. இலங்கையில் மன்னார், யாழ்ப்பாணம் போன்ற வடக்கு, வடமேற்கு வறள் நிலங்களிலன்றி வேறெங்கும் அதைக் காண்பது அரிது.

இந்திய அரசு 1958இல் பத்மபூஷண் விருதும், 1976இல் பத்மவிபூஷண் விருதும் அளித்து அவரைக் கௌரவித்தது. சர்வதேசப் பரிசாகக் கிடைத்த பெருந்தொகையை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்பு நிதியாக்கினார். 1985இல் வெளிவந்த தன்வரலாற்றுக்கு ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படப் பெயரிட்டார். நற்செய்தியில் வரும் குருவியை அறிந்த நமக்கு அத்தலைப்பின் ஆழம் விளங்கும். சிறுவயதில் தன் கையால் விழுந்த குருவியை அவர் தொண்ணூறு வயது வரை மறக்கவில்லை. 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் திகதி பம்பாயில் கண்மூடினார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் 1990இல் தொடங்கப்பட்ட பறவையியல் ஆய்வு நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெற்றோரே, இந்த விடுமுறையில்

தூர தேசத்து உல்லாசப் பயணம் எல்லாருக்கும் கைகூடாது. ஆனால் விடியற்காலையில் குளக்கட்டுவரை நடந்து போகப் பணம் வேண்டியதில்லை. ஒரு போத்தல் தண்ணீரும், ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். எந்தப் பறவை, எத்தனை, என்ன செய்தது என்று பிள்ளை எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் தெரியாது என்று சொல்லுங்கள். வயலில் நரைத்த தாத்தாவிடமும், கரைவலை இழுக்கும் மாமாவிடமும், விஞ்ஞான ஆசிரியரிடமும் கேட்டு வரச் சொல்லுங்கள். சலீமின் மாமன் செய்தது அவ்வளவுதான்.

வளவில் சிரட்டை ஒன்றில் தண்ணீர் வையுங்கள். பனம்பொந்திலிருந்து கிளிக்குஞ்சைப் பிடித்துத் தரும்படி பிள்ளை அழுதால், அதே பொந்தைத் தூர நின்று ஒரு மாதம் பார்க்கப் பழக்குங்கள். வளர்ப்பு நாயைக் கூட்டிப் போவதானால், ஆட்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும் காலத்தில் அதை அவிழ்த்து விடாதீர்கள்.

கெற்றப்போலோடு வரும் பிள்ளையைக் கண்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். குறி பார்க்கத் தெரிந்த கண்ணுக்குக் கூர்மை ஏற்கெனவே உண்டு. அந்தக் கண்ணுக்கு வேறு வேலை கொடுப்பதுதான் நம் பொறுப்பு. அடுத்த சலீம் அலி உயிலங்குளத்துப் பனைகளின் கீழ் நடந்து திரிகிறானோ, யார் கண்டார்!