வணிகரும் அமைச்சருமான டி. டி. கிருஷ்ணமாச்சாரியார்

உலகிற் பெயர் பெற்றோருட் சிலர் தாம் ஆக்கிய பொருளாற் புகழடைந்தனர். வேறு சிலரோ பிறர் ஆக்கியதைப் பலர்க்கும் கொண்டுசேர்க்கும் திறத்தால் உயர்ந்தனர். ஸ்ரீமான் டி. டி. கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்வு இவ்விரண்டாம் வழியிற் றொடங்கிற்று. 1899-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26-ஆம் நாள் பிறந்த இவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் விளங்கிய காலத்தில் அங்கே பயின்று பட்டம் பெற்றார்.

1928-ஆம் ஆண்டில் இவர் தம் பெயராலேயே ஒரு கம்பெனியை நிறுவினார். அந்நிய தேசத்துச் சரக்குகளை வரவழைத்து, ஊர்தோறுமுள்ள கடைக்காரர்க்கு விநியோகிப்பதே அதன் தொழில். சவர்க்காரம், பேனா முதலிய பல பொருள்கள் அதன் வழியே தென்னாட்டிற் பரவின. அவற்றுள் நம் தாய்மார் மறவாத பெயருடையது உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் என்னும் குழந்தை மருந்தாம்.

இம்மருந்தின் வரலாறு சுவையுடையது. இங்கிலாந்து தேசத்து நாட்டிங்ஹாம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்னும் மருந்து வியாபாரி 1851-ஆம் ஆண்டில் இதனை ஆக்கினார். சதுப்பு நிலக் காய்ச்சலுக்கு அளிக்கப்பட்ட மருந்து, குழந்தைகளின் வயிற்று உபாதையையும் தணிப்பதாகக் கருதப்பட்டதே இதற்கு அடிகோலிற்று. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, சாராயம், நீர் என்பனவே ஆதியில் இதன் கூறுகள். 1876-ஆம் ஆண்டில் இதன் பெயர் வணிகக் குறியாகப் பதிவு பெற்றது. ஓமநீரும், பிள்ளை வளர்ப்பான் எனப்படும் வசம்பும் அறிந்த நம்மவர்க்கு இவ்வகை மருந்து புதுமையாகத் தோன்றவில்லை. இன்றும் ஆர்.கே.பேட்டை போன்ற ஊர்களின் மருந்துக்கடைகளில் இது கிடைக்கும்.

ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. பிற்காலத்தில் இதனின்று சாராயம் நீக்கப்பட்டது. குழந்தையின் வயிற்றுவலியை இது தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லையென்றும், முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதுமென்றும் மருத்துவர் கூறுவர். விளம்பரத்தால் வளரும் நம்பிக்கையும் ஆராய்ச்சியால் நிலைபெறும் அறிவும் ஒன்றல்ல என்பதை மாணவர் இதனால் உணர்க.

வணிகத்திற் பேர்பெற்ற நம் பெரியார் 1937-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையிற் புகுந்தார். கம்பெனியின் பொறுப்பு நாளடைவிற் புதல்வர் கைக்கு வந்தது. அரசியலமைப்பை வரைந்த குழுவில் அங்கம் வகித்தார். அவ்வரைவின் பெரும் பாரம் டாக்டர் அம்பேத்கர் ஒருவர் தோளிலேயே விழுந்ததென்பதை 1948-இற் சபையறியச் சொன்னவரும் இவரே. 1952-இல் மத்திய அரசின் வர்த்தக, கைத்தொழில் அமைச்சரானார். அந்நியச் சரக்கை விற்று வளர்ந்தவர், இந்நாட்டிலேயே சரக்கு உற்பத்தியாக வேண்டுமென்று உழைத்தது வியக்கற்பாலது. இவர் நிதியமைச்சராயிருந்தபோதே, 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், ரூபாய்க்கு நூறு நயா பைசா என்னும் நாணய முறை வழக்கில் வந்தது.

அவ்வாண்டிலேயே சோதனையும் வந்தது. ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பொரேஷன், முந்த்ரா என்பவரின் கம்பெனிப் பங்குகளில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இட்டதைப் பெரோஸ் காந்தி பாராளுமன்றத்தில் வெளிப்படுத்தினார். அத்தீர்மானம் தம்முடையதன்று என்றார் அமைச்சர். விசாரித்த நீதிபதி சாக்ளாவோ, செயலாளரின் செய்கைக்கு அமைச்சரே பொறுப்பாளி என முடிவு கூறினார். 1958 பிப்ரவரியில் இவர் பதவி துறந்தார். மீண்டும் 1962-இல் மந்திரி சபைக்கு அழைக்கப்பட்டு, மறு ஆண்டு நிதி இலாகாவை ஏற்றார். 1964-இற் கைத்தொழில் அபிவிருத்தி வங்கி தோன்றியது இவர் காலத்திலேயாம். எனினும் குடும்ப வியாபாரத்தைப் பற்றிக் குற்றச்சாட்டுகள் எழ, 1965 இறுதியில் இரண்டாம் முறையும் விலகினார். 1974-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் காலஞ்சென்றார்.

புட்டியிலுள்ள மருந்தை ஏஜெண்டு காய்ச்சுவதில்லை. ஆயினும் வாங்குவோர் அவன் பெயரை நம்பியே வாங்குகின்றனர். காரியாலயத்திற் பிறர் இட்ட கையொப்பத்திற்கு அமைச்சர் விடை கூறுவதும் அத்தகையதே. பிறர் செயலுக்கும் தாம் பொறுப்பேற்கும் நிலை உயர்பதவி அடைவோர் யாவர்க்கும் உண்டு. நாளை அந்நிலையை அடையவிருக்கும் இளைஞர் இச்சரிதத்தை மனத்திற் கொள்வாராக.