அட்டையின் பின்புறத்தில் ஒரு சிவப்பு எழுத்து

கையால் வாழ்த்து அட்டை செய்து பழகும் மாணவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். தீபாவளி, நோன்புப் பெருநாள், ஆசிரியர் தினம் என்று ஏதாவது ஒன்று நெருங்கினால் போதும், ரப்பர் முத்திரையும் மைப்பெட்டியும் மேசைக்கு வந்துவிடும். சிறிய உருளை இயந்திரத்தில் வெட்டு அச்சை வைத்துக் கைப்பிடியைச் சுழற்றினால் பூ வடிவம் வெட்டுப்பட்டு வரும். புடைப்பு அச்சில் வைத்து அழுத்தினால் தாளில் கோலம் மேலெழும்பி நிற்கும். நானும் செய்கிறேன். ஓர் அட்டைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. பத்துப் பேர் கேட்டால் செய்து கொடுத்துவிடலாம். ஆயிரம் பேர் கேட்டால்?

இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 175 ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டவர் எஸ்தர் ஹௌலண்ட். அமெரிக்கக் காதலர் தின அட்டையின் தாய் என்று அந்நாட்டில் அவரை அழைக்கிறார்கள். காதலர் தினம் என்றதும் வீட்டில் யாராவது முகம் சுளித்தால், இது தொழில் தொடங்கிய ஒரு பெண்ணின் கதை என்று சொல்லிவிடுங்கள். வணிக நிர்வாகம் படிக்கும் எனக்கு அவரிடம் பிடித்ததும் அதுதான்.

எஸ்தர் 1828 ஆகஸ்டு 17ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை புத்தகமும் எழுதுபொருளும் விற்கும் பெரிய கடை வைத்திருந்தார். தாயார் சிக்கனக் குடும்ப நிர்வாகம் பற்றிச் சமையல் குறிப்புகளுடன் ஒரு நூல் எழுதியவர். ஆகவே தாளும் கணக்கும் எஸ்தருக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கமானவை.

அவர் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கழகத்தில் படித்து 1847ல் தேர்ச்சி பெற்றார். அதை 1837ல் தொடங்கிய மேரி லயன் கண்டிப்பானவர். கட்டணத்தைக் குறைவாக வைப்பதற்காக அங்கே மாணவிகளே வீட்டு வேலைகளைச் செய்தார்கள். ஒரு குழு மாவு பிசையும், ஒரு குழு பாத்திரம் கழுவும், ஒரு குழு கூட்டிப் பெருக்கும். எஸ்தர் பின்னாளில் செய்ததன் விதை இந்தச் சமையலறையில்தான் விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. எஸ்தர் வெளியேறிய அதே ஆண்டு அங்கே சேர்ந்த கவிஞர் எமிலி டிக்கின்சன், காதலர் தினக் கடிதங்கள் அனுப்பக் கூடாது என்று மேரி லயன் தடை போட்டதைத் தம் அண்ணனுக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கல்விக்கூடத்திலிருந்து வந்தவர்தான் நாடு முழுவதற்கும் அந்த அட்டைகளைச் செய்யப் போகிறார்!

படிப்பு முடிந்து வீடு திரும்பியிருந்த சமயத்தில், தந்தையின் வணிக நண்பர் ஒருவர் அனுப்பிய இங்கிலாந்து அட்டை எஸ்தருக்கு வந்தது. அதன் ஓரமெல்லாம் லேஸ் துணி போன்ற தாள். அதைச் செய்யும் முறை நம் புடைப்பு அச்சுக்கு முன்னோடி. கோலம் செதுக்கிய எஃகு அச்சின்மேல் தாளை வைத்து அழுத்துவார்கள். மேடாக எழும்பிய இடங்களை நுண்மையாகத் தேய்த்து எடுத்தால் அங்கே துளைகள் விழும். வெட்டியும் குத்தியும் செய்ய முடியாத அளவுக்கு நுணுக்கமான வேலை அது. அமெரிக்காவில் அப்படித் தாள் செய்வார் இல்லை. இறக்குமதியான அட்டைகளோ விலை அதிகம்.

எஸ்தர் அட்டையை வாங்காமல் தாளை மட்டும் வரவழைக்கும்படி தந்தையிடம் கேட்டார். இங்கிலாந்திலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் லேஸ் தாள், வண்ணப் பூக்கள், படங்கள் வந்து சேர்ந்தன. அவர் சுமார் ஒரு டஜன் மாதிரி அட்டைகள் செய்தார். கடைக்காக ஊர் ஊராகச் சென்று விற்பனை செய்துவந்த சகோதரர் அவற்றையும் பெட்டியில் போட்டுக்கொண்டார். 200 டாலருக்கு ஆர்டர் கிடைத்தால் போதும் என்பது எஸ்தரின் எதிர்பார்ப்பு. சகோதரர் 5,000 டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களுடன் திரும்பினார்!

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் செய்வதற்கு இரண்டே கைகள். தேதியோ பிப்ரவரி 14. ஒரு நாள் பிந்தினாலும் அட்டை குப்பைதான்.

அவர் தோழிகளை அழைத்தார். வீட்டின் மாடியறையில் நீண்ட மேசை போடப்பட்டது. ஒருத்தி வண்ணப் படங்களை வெட்டினாள். அடுத்தவள் அடித்தாளை எடுத்து வைத்தாள். இன்னொருத்தி எஸ்தரின் மாதிரியைப் பார்த்து லேஸையும் பூக்களையும் அடுக்க, கடைசியில் இருந்தவள் பசை தடவி ஒட்டினாள். முடிந்த அட்டை எஸ்தரின் கண்ணுக்குத் தப்பி வெளியே போகாது. வீட்டை விட்டு வர முடியாத பெண்களுக்குத் தாள், பூ, மாதிரி எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு அனுப்பப்பட்டன. சில நாள் கழித்து வண்டி வந்து முடிந்த அட்டைகளை எடுத்துச் செல்லும். ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையில் கார்கள் நகரும் வரிசையில் உருவாகத் தொடங்கியது 1913ல். மேலாண்மை வகுப்புகளில் அவரைப் பற்றி நிறையவே படிக்கிறோம். எஸ்தரின் பெயரை நான் பாடப்புத்தகத்தில் பார்த்ததில்லை.

இப்படிப் பிரித்துச் செய்தால் அது கைவினையா என்று அட்டை செய்யும் என் தோழிகளிடையே அடிக்கடி வாதம் வரும். கைவினைதான் என்பேன் நான். ஒவ்வொரு பூவையும் ஒரு விரல்தான் ஒட்டியது. ஆனால் நாள் முழுக்கப் பசை மட்டும் தடவியவளுக்கு, எந்தப் பூ எங்கே வர வேண்டும் என்று தீர்மானிக்கும் இன்பம் கிடைத்திருக்காது. அதே மாநிலத்து நெசவாலைகளில் அன்று பெண்கள் நாளுக்கு 12 மணி நேரத்துக்கும் மேலாக இரைச்சலில் நின்றார்கள் என்பதையும் மறக்க முடியாது. அதோடு ஒப்பிட்டால் தோழிகளோடு மேசையைச் சுற்றி உட்கார்வது எவ்வளவோ மேல்.

காலமும் எஸ்தருக்குக் கைகொடுத்தது. அமெரிக்காவின் முதல் அஞ்சல் தலைகள் 1847ல் வந்தன. 1851ல் உள்நாட்டுக் கடிதக் கட்டணம் 3 சென்ட் ஆகக் குறைந்தது. இடையே 1850 பிப்ரவரியில் உள்ளூர்ப் பத்திரிகையில் எஸ்தரின் விளம்பரம் வெளிவந்தது.

அவருடைய உத்திகள் இன்றும் நம் மேசையில் இருக்கின்றன. வெள்ளை லேஸ் தாளுக்கு அடியில் சிறு வண்ணத் தாளை வைத்து அதன் நிறம் துளை வழியே தெரியும்படி செய்தார். அட்டையின் அடுக்குகளுக்கு நடுவே விசிறிபோல் மடித்த தாள்துண்டுகளை வைத்தார். மேல் அடுக்கு உயர்ந்து நின்றது. நாம் இப்போது அதற்கு நுரைப் பசைத்துண்டு ஒட்டுகிறோம். கவிதையை முகப்பில் அச்சிடாமல் உள்ளே வைத்தார். 1879ல் நூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகள் கொண்ட கையேடு ஒன்றையே வெளியிட்டார். உள்ளே இருக்கும் வரிகள் பிடிக்காவிட்டால், வேறொன்றைத் தேர்ந்தெடுத்து மேலே ஒட்டிக்கொள்ளலாம்.

1866ல் முழங்காலில் அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழிலைக் கவனித்தார். பின்னர் அது நியூ இங்கிலாந்து வேலண்டைன் கம்பெனி என்று பெயர் பெற்று, வீட்டிலிருந்து வெளியே இடம் மாறியது. தந்தை நோயுற்றதும், 1880களின் தொடக்கத்தில், அதை ஜார்ஜ் விட்னி என்பவரிடம் விற்றுவிட்டு அவரைப் பராமரிக்க வந்துவிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டிய தொழிலை விட்டு வந்தது மகள்தான். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. விட்னி இயந்திரங்கள் வாங்கித் தாமே புடைப்புத் தாள் செய்தார். அவருடைய நிறுவனம் போர்க்காலத் தாள் பற்றாக்குறையால் 1942ல் மூடப்படும்வரை நடந்தது.

எஸ்தர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1904 மார்ச் 15ஆம் தேதி குவின்சி நகரில் காலமானார். அவருடைய அட்டைகள் சில இன்று வூஸ்டரில் உள்ள அமெரிக்கத் தொன்மைக் கழகத்தின் தொகுப்பில் இருக்கின்றன. பழைய அட்டை சேகரிப்பவர்கள் முகப்பைப் பார்த்தவுடன் திருப்பிப் பார்க்கிறார்கள். ஹௌலண்ட் என்ற பெயரின் முதல் ஆங்கில எழுத்து, சிவப்பு மையில், பின்புறத்து மூலையில் சிறியதாக முத்திரையிடப்பட்டிருக்கும். மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த மற்றப் பெண்களின் பெயர் எந்த அட்டையிலும் இல்லை.