ஈட்டன்வில் ஊரின் மகள் ஜோரா நீல் ஹர்ஸ்டன்

ஒரு பிள்ளைக்கு அது பிறந்து வளரும் ஊரே முதற் பள்ளியாகும். தெருவும், கடைத் திண்ணையும், குளக்கரையும், வழிபாட்டிடமும் அதன் முதற் பாடங்கள். ஊர் அப்பிள்ளையை நிமிர்ந்து நடக்கப் பழக்குகிறதா, குனிந்து நடக்கப் பழக்குகிறதா என்பதைப் பொறுத்தே பின்னர் அது பெறும் ஏட்டுக் கல்வியின் பயன் அமைகிறது. இவ்வுண்மைக்குச் சான்றாக, அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் ஒரு சிற்றூரில் வளர்ந்து, நாவலாசிரியராகவும் மானிடவியல் அறிஞராகவும் புகழெய்திய ஜோரா நீல் ஹர்ஸ்டன் அம்மையாரின் வரலாற்றை இம்மலரின் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

அம்மையார் 1891ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7ஆம் நாள் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த நோட்டசல்கா என்னும் சிற்றூரில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளுள் அவர் ஐந்தாமவர். அமெரிக்காவில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு அப்போது 25 ஆண்டுகளே கடந்திருந்தன. தந்தை ஜான் ஹர்ஸ்டன் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத ஏழைக் குடும்பத்தினர். தச்சு வேலையும் சமயப் போதகமும் அவர்தம் தொழில்கள். தாய் லூசி, சிறிது நிலம் உடைய குடும்பத்தில் பிறந்தவர். ஓடைக்கு அப்பால் வாழ்ந்த ஏழைக் குடியில் தம் மகளைக் கொடுக்க லூசியின் பெற்றோர் உடன்படவில்லை. அவர்களை மீறியே அத்திருமணம் நடந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு உள்ளேயும் உயர்வு தாழ்வு பார்க்கும் நோய் எந்நாட்டுக்கும் பொதுவானது போலும்!

ஜோரா சிறு குழந்தையாக இருந்தபோதே அக்குடும்பம் புளோரிடா மாநிலத்தின் ஈட்டன்வில் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஆர்லாண்டோ நகருக்கு வடக்கே ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள அவ்வூரின் வரலாறு நாம் ஊன்றி அறியத்தக்கது. பண்ணைகளிலும் வீடுகளிலும் கூலி வேலை செய்த கறுப்பின மக்கள் சிறுகச் சிறுக நிலம் வாங்கி, அங்கே ஓர் ஊரை அமைத்தனர். 1887ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் வாக்குரிமை பெற்ற 27 ஆடவர்கள் ஒன்றுகூடி வாக்களித்து, அதனைச் சட்டப்படி தன்னாட்சி நகரமாக நிறுவினர். கறுப்பின மக்களே நிறுவி ஆண்ட நகரங்களுள் அந்நாட்டின் மிகப் பழைமையானவற்றுள் ஒன்று அது. நகரத் தலைவரும், ஆட்சிக் குழுவினரும், ஊர்க்காவலரும் அவ்வூர் மக்களே. பிறரால் ஒதுக்கி வைக்கப்படும் சேரி வேறு; தாமே நிலம் வாங்கி, தாமே சட்டம் வகுத்து ஆளும் ஊர் வேறு. இவ்வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். ஜோராவின் தந்தையும் அந்நகரத் தலைவராகப் பணியாற்றினார். வாரக்குடியின் மகன் நகரத் தலைவரானதைக் கண்ணாரக் கண்டு வளர்ந்த குழந்தை அவர்.

அவ்வூரின் சிறப்புகளாக அம்மையார் பிற்காலத்தில் எழுதியவை பெரிய கோபுரங்களோ மாளிகைகளோ அல்ல. ஐந்து ஏக்கர் நிலத்தில் எட்டு அறைகள் கொண்ட அவர்தம் வீடு, ஆரஞ்சும் பம்பளிமாசு போன்ற பெரிய கனி வகையும் கொய்யாவும் காய்த்துக் குலுங்கிய தோட்டம், வாயிலில் நிழல் தந்த இரண்டு மலைவேம்பு மரங்கள், முதலைகள் வாழ்ந்த ஏரிகள் ஆகியனவே அவர் கண்ட அழகுகள். ஆர்லாண்டோவுக்குச் செல்லும் சாலையில் வண்டிகள் போவதை வாயிற் கம்பத்தின் மீது அமர்ந்து பார்ப்பது அவர்தம் பொழுதுபோக்கு. வெள்ளையர் வண்டியில் சென்றாலும் அஞ்சாமல் அழைத்து, சிறிது தூரம் உடன் வரட்டுமா என்று கேட்பாராம். தென்மாநிலங்களில் ஒரு கறுப்பினச் சிறுமி அவ்வாறு கேட்பதற்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அத்துணிவை அவருக்குத் தந்தது அவ்வூர்.

எல்லாவற்றினும் மேலாக அவரைக் கவர்ந்தது ஜோ கிளார்க் என்பவரின் மளிகைக் கடைத் திண்ணை. மாலையில் உழைத்துக் களைத்த ஆடவர்கள் அங்குக் கூடி, ஒருவரை ஒருவர் விஞ்சும் வண்ணம் கதை கூறுவர். கடவுளும் சாத்தானும் அக்கதைகளில் உலவுவர். முயலும் நரியும் பேசும். ஆண்டையை ஏமாற்றும் அடிமை வெல்வான். கடைக்குச் சாமான் வாங்க அனுப்பப்படும் சிறுமி ஜோரா, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, இயன்ற மட்டும் அக்கதைகளைக் காதில் வாங்கிக்கொண்டே வீடு திரும்புவார். எழுத்தறியாதோர் பலர் கூடிய அத்திண்ணையே பின்னாளில் அவருடைய ஆராய்ச்சிக் களமாயிற்று.

கல்வியிலும் அவ்வூர் குறைவுபடவில்லை. புக்கர் டி. வாஷிங்டனின் டஸ்கிகீ கல்வி நிலையத்தில் பயின்ற கால்ஹூன் தம்பதியர் அங்கு ஹங்கர்போர்டு பள்ளியை நடத்தினர். ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் அங்குக் கற்பிக்கப்பட்டது. வீட்டிலோ, தாய் லூசி நாள்தோறும் இரவில் பிள்ளைகள் அனைவரையும் தம் அறையில் அமர்த்திப் பாடம் படிக்க வைத்தார். வகுத்தற் கணக்கும் வாக்கிய இலக்கணமும் தெரியும் வரையில் தாமே கற்பித்து, அதற்கு மேல் மூத்த மகனிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். பெண் பிள்ளைக்கு வாய்த்துடுக்கு ஆகாது, வெள்ளையரால் துன்பம் நேரும் என்று தந்தை அஞ்சியபோதெல்லாம், மகளின் ஊக்கத்தைக் கிள்ளி எறிய அத்தாய் இடங்கொடுக்கவில்லை. ஒருமுறை பள்ளியைக் காண வந்த மின்னசோட்டா மாநிலத்துச் சீமாட்டியர் இருவர், ஜோரா கிரேக்கப் புராணக் கதையொன்றை வாசித்த திறம் கண்டு வியந்து, புத்தம் புதிய செப்புக் காசுகள் நூறும், பின்னர் ஒரு பெட்டி நிறைய நூல்களும் ஆடைகளும் அளித்தனர். ஆடைகளைவிட நூல்களே அவருக்கு மகிழ்ச்சி தந்தன.

1904ஆம் ஆண்டு தாய் லூசி காலமானார். அப்போது ஜோராவுக்கு வயது 13. அவர் ஜாக்சன்வில் நகரில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். தாம் ஒரு தாழ்ந்த நிறத்தவள் என்று உலகம் கருதுவதை அந்நகரத்து டிராம் வண்டிகளிலும் கடைகளிலுமே அவர் முதன்முதலாக உணர்ந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். பள்ளிக் கட்டணம் நின்றது. கட்டணத்துக்கு ஈடாகப் பள்ளிப் படிக்கட்டுகளைத் தேய்த்துக் கழுவினார் அச்சிறுமி. இறுதியில் படிப்பும் நின்றது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் உறவினர் வீடுகளிலும், வேலைக்காரியாகப் பிறர் வீடுகளிலும், இசை நாடகக் குழுவொன்றில் பாடகியின் பணிப்பெண்ணாகவும் அவர் காலம் கழித்தார்.

1917ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் இருந்தபோது அவருக்கு வயது 26. இருபது வயதுக்கு உட்பட்ட கறுப்பின இளைஞர்க்கே அங்கு இலவசக் கல்வி. எனவே தம் வயது 16 என்று கூறிப் பள்ளியில் சேர்ந்தார். அன்று குறைத்த பத்தாண்டுகளை அவர் வாழ்நாள் முழுதும் திரும்பக் கூட்டவேயில்லை. பிறந்த தேதிக்குச் சான்றின்றி, தம்பி தங்கையரை வளர்த்து ஆளாக்கிய பின், வயது கடந்து பள்ளிப் படியேறும் பிள்ளைகளை நம் ஆசிரியப் பணியில் நாமும் பலமுறை கண்டிருக்கிறோம். தம்மினும் பத்து வயது இளையோருடன் ஒரே பலகையில் அமர்ந்து படிப்பதன் கூச்சத்தை அறிந்தோர்க்கே அம்மையாரின் உறுதி விளங்கும்.

பின்னர் வாஷிங்டன் நகரின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். கைவிரல் ஒப்பனை செய்யும் வேலை பார்த்துப் படிப்புச் செலவை ஈட்டினார். 1925இல் நியூயார்க் நகரின் பர்னார்டு கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். அக்கல்லூரியில் அப்போது அவர் ஒருவரே கறுப்பின மாணவி. மானிடவியல் பேரறிஞர் பிரான்ஸ் போவாஸ் அவருக்கு ஆசானாக வாய்த்தார். 1928இல், 37ஆம் வயதில், அவர் பட்டம் பெற்றார்.

இடையே 1927இல், நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டப் போவாஸ் அவரைப் புளோரிடாவுக்கு அனுப்பினார். கல்லூரிப் பேச்சில் கதை கேட்டவரிடம் மக்கள் வாய் திறக்கவில்லை. ஆறு திங்கள் அலைந்தும் பயன் சிறிதே. பின்னர் அவர் தம் மக்களின் பேச்சைப் பேசி, அவர்களோடு உண்டு, பாடி, பழகினார். கதைகள் ஊற்றெனப் பெருகின. கிளார்க் கடைத் திண்ணையும் மீண்டும் அவருக்கு வாய் திறந்தது. மியூல்ஸ் அண்ட் மென் என்ற பெயரில் 1935இல் வெளிவந்த அக்கதைத் தொகுப்புக்குப் போவாஸே முன்னுரை எழுதினார். 1937இல் வெளிவந்த தேர் ஐஸ் வேர் வாச்சிங் காட் என்னும் நாவலை ஏழே வாரங்களில் எழுதி முடித்தார். அந்நாவலிலும் ஈட்டன்வில் கடையும் திண்ணையும் இடம்பெற்றுள்ளன. 1860இல் வந்த கடைசி அடிமைக் கப்பலில் கொண்டுவரப்பட்ட முதியவர் ஒருவரின் வரலாற்றை அவர் வாய்மொழியாகவே எழுதினார். அம்முதியவரின் பேச்சைத் திருத்திச் செம்மையாக்கினால் வெளியிடுவதாகப் பதிப்பகம் கூறியது. அம்மையார் இசையவில்லை. அந்நூல் 2018இல்தான் வெளிவந்தது.

அவருடைய கருத்துகள் எல்லாம் நமக்கு உடன்பாடானவை அல்ல. பள்ளிகளில் நிறப்பாகுபாடு செல்லாது என்று 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கறுப்பினப் பள்ளிகள் தாழ்ந்தவை என்ற எண்ணத்துக்கே அது இடந்தரும் என்று கூறி அவர் அதனை எதிர்த்தார். ஈட்டன்வில் போன்ற ஊர் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை. அதே ஆரஞ்சு மாவட்டத்தின் ஒக்கோயி என்னும் ஊரில், 1920 நவம்பர் 2ஆம் நாள், வாக்களிக்க முயன்றதற்காகக் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டு, எஞ்சியோர் ஊரைவிட்டே துரத்தப்பட்டனர். ஆகவே சட்டத்தின் காவல் வேண்டும். பொதுப் பள்ளியின் கதவுகள் திறக்கவும் வேண்டும். ஆயினும் நம்மவர் நடத்தும் பள்ளி என்பதாலேயே அதனைக் குறைவாக எண்ணலாகாது என்ற அவர் கருத்தில் நியாயம் உண்டு.

அம்மையாரின் முதுமை வறுமையிற் கழிந்தது. 1950இல் மயாமி நகரில் அவர் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது, வாரப் பத்திரிகை ஒன்றில் அவருடைய கதையைக் கண்ட பின்னரே, தம் வேலைக்காரி எழுத்தாளர் என்பதை வீட்டுக்குரிய அம்மாள் அறிந்தார். 1960 சனவரி 28ஆம் நாள், போர்ட் பியர்ஸ் நகரில் ஏழையர் காப்பகத்தில் வாழ்ந்துவந்த அம்மையார் உயிர் நீத்தார். நண்பர்கள் திரட்டிய பணத்தில் அடக்கம் நடந்தது. கல்லறைக்குப் பெயர்ப்பலகையும் இல்லை. அவருடைய தாள்கள் எரிக்கப்பட்டபோது, அவ்வழியே வந்த காவல்துறை நண்பர் ஒருவர் நீரூற்றித் தீயை அணைத்து எஞ்சியவற்றைக் காத்தார். 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் புதர் மண்டிய இடுகாட்டில் தேடி நடுகல் அமைத்தார். அக்கல்லில் பிறந்த ஆண்டு 1901 என்றே பொறிக்கப்பட்டுள்ளது. படிப்பதற்காகக் குறைத்த வயது கல்லிலும் நிலைத்துவிட்டது!

ஈட்டன்வில் இன்றும் தன்னாட்சி நகரமாகவே உள்ளது. நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் திட்டம் ஊரைச் சிதைக்க வந்தபோது, தம் ஊர் ஜோராவின் ஊர் என்பதையே கேடயமாகக் கொண்டு மக்கள் எதிர்த்தனர். 1990 முதல் அவர் பெயரால் அங்கு விழாவும் நடந்து வருகிறது. ஊர் தன் மகளை வளர்த்தது. மகளின் பெயர் ஊரைக் காத்தது.

வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தார்க்கும் பெற்றோர்க்கும் இவ்வரலாறு மூன்று கடமைகளை உணர்த்துகிறது. இரவில் விளக்கருகே பிள்ளைகளை அமர்த்திப் படிக்கச் செய்யும் தாய்க்குத் துணை நிற்க வேண்டும். வயது கடந்து வரும் மாணவரை வாயிலில் நிறுத்திக் கேள்வி கேட்டுக் கூசச் செய்யலாகாது. நம் முதியோர் திண்ணையில் கூறும் கதைகளைப் பாமரர் பேச்சென்று தள்ளாமல், நம் பிள்ளைகளைக் கொண்டே ஏட்டில் எழுதச் செய்ய வேண்டும். ஒரு பிள்ளை பதின்மூன்று வயதுக்குள் தன் ஊரில் பெறும் தன்மதிப்பை எந்த வறுமையும் முற்றாகப் பறித்துவிட முடியாது. அத்தன்மதிப்பைத் தரும் ஊராக நம் ஊர்கள் மலர்வனவாக!