நோய் நாடிய நங்கை

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி அம்மையார், பெண்கள் பள்ளி செல்வதே அரிதாயிருந்த காலத்தில் ஆடவர் கல்லூரியிற் சேர்ந்து பயின்றவர். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1907-இற் சேர்ந்து, 1912-இற் பட்டம் பெற்றார். சட்டசபையில் அவர் ஆற்றிய பணியையும், ஆதரவற்ற பெண்களுக்கென நிறுவிய ஔவை இல்லத்தையும் நாடு நன்கறியும். அவருடைய உள்ளத்தை நெடுங்காலம் வருத்திய துயரம் ஒன்று உண்டு. அதனை அறிந்தோர் சிலரே.

அம்மையாருக்குத் தங்கை ஒருவர் இருந்தார். அவருக்கு வந்த நோயைச் சீதபேதி என்றே கருதி மருத்துவம் செய்து வந்தனர். மலத்தோடு குருதி கழிதல் சீதபேதிக்கும் அடையாளம். மலக்குடலில் தோன்றும் புற்றுக்கும் அடையாளம். முன்னது ஊர்தோறும் காணப்படுவது. பின்னது அத்துணைப் பரவலாகக் காணப்படாதது. ஆதலின் முன்னதையே முதலில் எண்ணுதல் இயல்பு. ஆனால், சீதபேதி தக்க மருந்துக்குப் பெரும்பாலும் சில நாளில் அடங்கும். புற்றோ இடையிடையே தணிந்ததுபோற் காட்டி உள்ளே வளரும். மருந்துக்கு அடங்காத குருதிப்போக்கைக் கண்டால், மலக்குடலைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். தாழ்வாக உள்ள கட்டி விரலுக்கே தட்டுப்படும். உண்மை வெளிப்பட்டபோது நோய் முற்றியிருந்தது. 1923-இல் தங்கை இறந்தார். மருத்துவம் கற்ற தமக்கை இருந்தும் அவரைக் காக்க இயலவில்லை.

1925-இல் இங்கிலாந்து சென்ற அம்மையார், இலண்டனில் புற்றுநோய்க்கெனவே அமைந்த மருத்துவமனையைக் கண்டார். அத்தகையதொன்று சென்னையிலும் வேண்டும் என்று 1935-இல், மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் எடுத்துரைத்தார். புற்று வந்தவர் பிழைப்பதில்லையே, அவர்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டோர் பலர். பதவியில் இருந்தோரும் அவர்களுள் இருந்தனர். நோய் முற்றிய பின் வந்தோரையே கண்டு பழகியதால் எழுந்த கேள்வி அது! தொடக்கத்திலேயே அறியப்பட்டால் அறுவையாலும் கதிராலும் நீக்கத்தக்க புற்றுகள் பல உண்டு என்பதை அம்மையார் அறிந்திருந்தார்.

இந்திய மாதர் சங்கத்தாருடன் கூடிப் பொருள் திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ஆம் ஆண்டு சூன் திங்களில் அடையாற்றில் மருத்துவமனை தொடங்கியது. அப்போது அங்கிருந்த படுக்கைகள் 12. அம்மையாருக்கு அகவை 67. அவருடைய மைந்தர் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி அங்கே அறுவைப் பணியை ஏற்றார். மறு ஆண்டில் இளம் மருத்துவர் சாந்தா வந்து சேர்ந்தார். 1957-இல் கோபால்ட் கதிர்க் கருவியும் அமைந்தது.

1968-இல் அம்மையார் மறைந்தார். தங்கை இறந்து அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.